டிஎஃப்2 (டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேம்) பேலோட்: எஞ்சினியரா டிஃபென்ஸ் ஆடும்போது முதல் ஊபரிலேயே கூடு காலி ஆகுது. எங்க தப்பு?

பச்சமிளகா:

பேட்வாட்டர், அப்வர்ட் மாதிரி பேலோட் மேப்பில் (ப்ளூ டீம் கார்ட்டைத் தள்ளும், ரெட் தடுக்கும்) ரெட் டீமில் எஞ்சினியர் ஆடுறேன். ஸ்டாக் ரெஞ்ச், ஷாட்கன், பிஸ்டல். செட்டப் நேரத்துக்குள்ள முதல் பாயின்ட் பக்கத்தில் சென்ட்ரி (தானா சுடுற துப்பாக்கி) லெவல் 3, டிஸ்பென்சர் (ஹெல்த்தும் மெட்டலும் தர்ற பெட்டி) லெவல் 2 வந்துடுது. கேட் திறந்ததும் ஊபரோட (மெடிக் கொடுக்கிற, கொஞ்ச நேரம் அடியே படாத நிலை) ஒரு டெமோவோ சோல்ஜரோ நேரா வர்றான். நான் சென்ட்ரிக்குப் பின்னாடி குனிஞ்சு ரெஞ்ச்சால தட்டிக்கிட்டே இருக்கேன். சில செகண்டில் கூடு மொத்தமும், அதாவது சென்ட்ரி, டிஸ்பென்சர், நான், மூணும் போயிடுது. திரும்ப ஸ்பானிலிருந்து நடந்து வந்து லெவல் 1 கட்டி முடிக்கிறதுக்குள்ள கார்ட் ரெண்டாவது பாயின்ட்டைத் தாண்டிடுது.

கேள்வி மூணு. சென்ட்ரியை எங்க வைக்கணும்? ராங்லர் (சென்ட்ரியைக் கையால ஆட்டுற ரிமோட்) எடுத்தா தாங்குமா? ஊபர் இல்லாத நேரத்தில் ஸ்பை (நம்ம ஆள் வேஷத்தில் வந்து முதுகில் குத்துறவன்) வந்து முடிச்சிடுறானே, அதுக்கு என்ன வழி?

நட்டுபோல்ட்டு:

முதல்ல மெட்டல் (கட்டவும் சரி பண்ணவும் செலவாகிற சரக்கு) கணக்கைப் பாருங்க, பாதி கேள்விக்கு அதுவே பதில்.

லெவல் 3 சென்ட்ரிக்கு 216 ஹெல்த். உங்க கையில் அதிகபட்சம் 200 மெட்டல். ஸ்டாக் ரெஞ்ச் ஒரு அடிக்கு 102 ஹெல்த் சரி பண்ணும், ஒரு மெட்டலுக்கு 3 ஹெல்த் வீதம் அந்த அடிக்கு 34 மெட்டல் போகும். அதாவது கை நிறைய மெட்டல் இருந்தாலும் ஆறு அடிதான். ரெஞ்ச் வீசுற வேகம் ஒரு அடிக்கு 0.8 செகண்ட். அஞ்சு செகண்டில் கை காலி. லெவல் 3 டிஸ்பென்சரே அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை 60 மெட்டல்தான் கொடுக்கும். ரெண்டு அடிக்குக் கூட வராது. ஊபர் ஓடுறது எட்டு செகண்ட். இது போக, டெமோவோட ஒரு ஸ்டிக்கி பாம் 120 வரைக்கும் டேமேஜ் பண்ணும். ரெண்டு ஸ்டிக்கி ஒரே நேரத்தில் வெடிச்சா 216 போச்சு. ரெண்டு வெடிப்புக்கு நடுவுல ரெஞ்ச் இறங்க இடமே இல்ல. அதனால "பின்னாடி உக்காந்து தட்டுறது" ஒத்தை ஆளோட சண்டைக்குத்தான் ஆகும். ஊபரை அதால ஜெயிக்க முடியாது. உங்க கை வேகத்தில் குறை ஒண்ணும் இல்ல.

இப்ப வரிசை. நீங்க எழுதினதில் டெலிபோர்ட்டர் (ஸ்பானிலிருந்து முன்வரிசைக்கு ஆளை அனுப்புற வாயில் ஜோடி) பேரே இல்ல. உங்க டீம் தோக்குறது பெரும்பாலும் அங்கதான். சென்ட்ரி விழுறது சகஜம். விழுந்த பிறகு ஸ்பானிலிருந்து ஆளுங்க நடந்து வர்றதுதான் ரெண்டாவது பாயின்ட்டையும் கொடுக்க வைக்குது. நுழைவும் வெளியேறும் வாயிலும் தலா 50 மெட்டல், ரெண்டும் சேர்ந்து நூறு. லெவல் 1-இல் அடுத்த ஆள் போக 10 செகண்ட் ஆகும், லெவல் 2-இல் 5, லெவல் 3-இல் 3. ஒரு முனையை ஏத்தினா மறு முனையும் தானா ஏறும். அதனால ஸ்பானுக்கு வெளிய, சப்ளை பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே நுழைவைத் தட்டி ஏத்திடுங்க. அங்க மெட்டலுக்குப் பஞ்சம் இல்ல.

எல்லாத்தையும் லெவல் 3 ஆக்க மொத்தம் எவ்வளவுன்னா: சென்ட்ரி 130 + 200 + 200 = 530. டிஸ்பென்சர் 500. டெலிபோர்ட்டர் ஜோடி 500. ஆக 1530 மெட்டல். கை கொள்றது 200-தான்ங்கிறதால எட்டு நடை. செட்டப் நேரத்தில் இதை எல்லாம் முன்வரிசையில் நின்னு பண்ணாதீங்க. சப்ளை பெட்டிக்குப் பக்கத்திலேயே சென்ட்ரியைக் கட்டி ஏத்திட்டு, தூக்கிக்கிட்டுப் போய் இறக்குங்க. இறக்கினதும் தன் பழைய லெவலுக்கு அதுவே திரும்ப ஏறிடும், மெட்டல் கேட்காது.

இடம் பத்தி. சென்ட்ரியோட பார்வை 1100 யூனிட், அவ்வளவுதான். எதிரி உங்க சென்ட்ரியை 1100-க்கு வெளிய இருந்து பார்க்க முடிஞ்சா, அது செத்த சென்ட்ரின்னு வச்சுக்குங்க. சோல்ஜர் தூரத்தில் நின்னு ராக்கெட் விடுவான், ஸ்னைப்பர் உங்களை எடுப்பான். நீளமான பாதையைப் பார்க்கிற மாதிரி வைக்காம, அந்தப் பாதை திரும்புற இடத்துக்கு அப்புறம் வைங்க. அவன் மூலை திரும்பிச் சென்ட்ரியைப் பார்க்கும்போது, ஏற்கனவே அதோட எல்லைக்குள்ள நிக்கணும். ஆனா அந்த மூலைக்கு ஒட்டினாப்போல வைக்கக் கூடாது. ஒட்டி வச்சா டெமோ சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு, முகத்தைக் காட்டாமலே ஸ்டிக்கியை உருட்டி விட்டு வெடிப்பான். மூலையிலிருந்து நாலஞ்சு ஆள் தூரம் உள்ளே தள்ளி, கொஞ்சம் உயரத்தில், முதுகுக்குச் சுவர் இருக்கிற மாதிரி. இது மூணும் ஒண்ணா அமையுற இடம் எந்த மேப்பிலும் ரெண்டு மூணுதான் இருக்கும். காலியான சர்வரில் நடந்து பார்த்துக் குறிச்சு வச்சுக்குங்க.

டிஸ்பென்சரைச் சென்ட்ரிக்கு ஒட்டி வைக்காதீங்க. ஒரே வெடிப்பில் ரெண்டும் அடி வாங்கும். நீங்க தட்டுற இடத்திலிருந்து ரெண்டு எட்டு தள்ளி, டீம் ஆளுங்க சண்டைக்கு நடுவுல ஓடி வந்து ஒளியக்கூடிய சுவருக்குப் பின்னாடி வைங்க. லெவல் 3-இல் செகண்டுக்கு 20 ஹெல்த் தரும். அது அங்க இருந்தா ஹெவியும் டெமோவும் தானா உங்க பக்கத்திலேயே நிப்பாங்க. சென்ட்ரியை உண்மையில் காப்பாத்துறது அவங்கதான்.

மருந்துப்பெட்டி:

எதிர்த்தரப்பு மெடிக் கண்ணில் இது எப்படித் தெரியும்னு சொல்றேன்.

அடிபட்ட ஆளுக்கு மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தா ஊபர் 40 செகண்டில் நிறையும். அதனால செட்டப் முடிஞ்சு கேட் திறக்கும்போது ப்ளூ மெடிக் கையில் ஊபர் இருக்கும்னே வச்சுக்கணும். முதல் ஊபருக்கு எதிரே சென்ட்ரியை நிறுத்துறது, வரும்னு தெரிஞ்ச வண்டிக்கு முன்னாடி போய்ப் படுக்குற மாதிரி. முதல் சென்ட்ரி வைக்கிற இடம் அந்த எட்டு செகண்டில் எட்ட முடியாத தூரமா இருக்கட்டும். சோல்ஜர் ஓடுற வேகம் செகண்டுக்கு 240 யூனிட், ஹெவி 230. எட்டு செகண்டுக்குத் தோராயமா 1900 யூனிட். அதில் குண்டு போடவும் நேரம் வேணும்.

சரி, மெடிக் முட்டாள் இல்லையே, சென்ட்ரிக்கு முன்னாடி வந்த பிறகுதானே ஊபர் போடுவான்? ஆமா. அதனாலதான் அவனை முன்னாடியே போட வைக்கணும். கேட் வாசலில் உங்க டெமோ விரிச்ச ஸ்டிக்கிப் பொறி, பக்கவாட்டில் ஒரு ஸ்னைப்பர், மெடிக்கைத் தேடி வர்ற ஒரு ஸ்கவுட். இதில் ஏதாவது ஒண்ணு மெடிக்கைச் சாகடிக்கப் பார்த்தா அவன் பயந்து பொத்தானை அமுக்கிடுவான். எட்டு செகண்டில் பாதி நடந்தே தீரும். இதை மைக்கில் கேக்கிற ஒரே ஆள் எஞ்சினியரா இருந்தாலும் பரவாயில்ல, கேளுங்க.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது: ஊபரில் இருக்கிறவன் கார்ட்டைத் தள்ள முடியாது. அந்த எட்டு செகண்ட் முழுக்க அவன் நோக்கம் உங்க கூடுதான். கூட்டைத் தூக்கிக்கிட்டு நீங்க ஓடிட்டா, ஒரு முழு ஊபரும் சுவரை அடிச்சுட்டு முடிஞ்சுபோகும். அடுத்ததுக்கு அவனுக்குக் குறைஞ்சது இன்னும் 40 செகண்ட் வேணும். அதுவரைக்கும் உங்க லெவல் 3-க்கு எதிரா அவங்ககிட்ட நேரடியான பதில் இல்ல.

உங்க டீமில் பைரோ இருந்தா ஊபர் ஜோடியைக் காத்தால தள்ளிப் பிரிக்கச் சொல்லுங்க. மெடிக்கை ஒரு பக்கமும் அவன் ஆளை இன்னொரு பக்கமும் ஊதிட்டா, இணைப்பு அறுந்த ஆளுக்கு ஊபர் சீக்கிரம் இறங்கிடும். அதே பைரோ ராக்கெட்டைத் திருப்பி விடுவான், தரையில் கிடக்கிற ஸ்டிக்கியையும் தள்ளி விடுவான். ஒரு எஞ்சியும் ஒரு பைரோவும் சேர்ந்த கூடு, ரெண்டு எஞ்சி இருக்கிற கூட்டை விட நல்லா நிக்கும். இது என் கருத்து, சண்டைக்கு வரலாம்.

ராங்லர் ராமசாமி:

பேரைப் பார்த்தாலே தெரியும் நான் எந்தக் கட்சின்னு. ராங்லர் எடுங்க ப்ரோ.

கவசம் வர்ற அடியில் 66 சதவீதத்தைத் தடுக்கும். 216 ஹெல்த் சென்ட்ரி கிட்டத்தட்ட மூணு மடங்கு தாங்கும். சுடுற வேகம் ரெட்டிப்பு ஆகும். 1100 யூனிட் எல்லை கிடையாது, நீங்க பார்க்கிற இடத்தை எல்லாம் சுடும். ஊபர் ஆளுக்கு அடி படலைன்னாலும் குண்டு தள்ளும். ராங்லரோட வேகத்தில் ஊபர் சோல்ஜர் மூலையைத் தாண்டி வர்றதுக்கே தவிப்பான். முக்கியமா, நீங்க சென்ட்ரிக்குப் பின்னாடி உக்காரத் தேவையில்ல. பக்கத்து அறை வாசலில் நின்னு ஆட்டலாம், வெடிப்பு உங்க மேல படாது.

நட்டுபோல்ட்டு:

ராமசாமி பாதியைத்தான் சொன்னார். கவசம் இருக்கும்போது ரெஞ்ச் சரி பண்றதும் மூணில் ஒரு பங்குதான். மெட்டல் கணக்கு அப்படியே இருக்கும். தாங்குற நேரம்தான் கூடும். நீங்க ராங்லரைக் கீழ வச்சாலோ செத்தாலோ சென்ட்ரி மூணு செகண்டுக்கு முடங்கும். கவசம் அந்த மூணு செகண்ட் இருக்கும், ஆனா ஒரு குண்டு கூடச் சுடாது. ராங்லரை எடுத்துட்டு நாலு பக்கமும் ஆட்டிக்கிட்டிருக்கிற எஞ்சியை விட ஸ்பைக்கு இனிப்பான ஆள் இல்ல. சென்ட்ரியோட கண்ணும் உங்க கண்ணும் ஒரே பக்கம் பார்க்குது, முதுகுப் பக்கம் திறந்த வீடு. சென்ட்ரியிலிருந்து போற அந்தக் கோடு நீங்க ஆட்டுறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லவும் செய்யும்.

ராங்லர் எடுக்கலாம், ஆனா பழக்கம் இதுதான்: சாதாரண நேரத்தில் கையில் ரெஞ்ச். ஊபர் வரும்போதும், எல்லைக்கு வெளிய நிக்கிற சோல்ஜரைத் துரத்தும்போதும் மட்டும் ராங்லர். வேலை முடிஞ்சதும் கீழ வச்சிடுங்க.

அதோட முதல் ஆயுதத்தையும் மாத்துங்க. ஷாட்கனுக்குப் பதில் ரெஸ்க்யூ ரேஞ்சர். ஒரு குண்டு தூரத்திலிருந்து 60 ஹெல்த் சரி பண்ணும், 15 மெட்டல் எடுக்கும். அதோட பெரிய வித்தை, 100 மெட்டல் கொடுத்தா கட்டடத்தைத் தூரத்திலிருந்தே கைக்கு இழுக்கலாம். ஊபர் ஜோடி மூலை திரும்புறதைப் பார்த்ததும் சுவருக்குப் பின்னாடியிருந்தே சென்ட்ரியைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க. மூணு எச்சரிக்கை. கையில் 100-க்குக் குறையா மெட்டல் எப்பவும் இருக்கணும், அதனால கடைசி 100-ஐ ரெஞ்ச் அடியில் கரைக்காதீங்க. தூக்கிக்கிட்டு ஓடும்போது உங்க மேல விழுற அடி எல்லாம் மினி-கிரிட் (கூடுதல் அடி) ஆகும், திறந்த வெளியில் ஓடக் கூடாது. தூக்கிக்கிட்டிருக்கும்போது செத்தா கட்டடமும் போச்சு. ஸ்பையோட சப்பர் (கட்டடத்தின் ஹெல்த்தைத் தின்னும் கருவி) ஒட்டியிருக்கிற கட்டடத்தைத் தூக்கவே முடியாது, அதையும் ஞாபகம் வைங்க.

ஜாக் ரெஞ்ச்சும் நிறைய பேர் சொல்வாங்க. கட்டும்போது வேகம் 30 சதவீதம் கூடுது, வீசுற வேகமும் கூடுது. ஆனா சரி பண்றது 20 சதவீதம் குறையும், சப்பரை எடுக்க ஸ்டாக்கை விட அதிக அடி வேணும். அடிக்கடி இடம் மாத்துற ஆளுக்குச் சரி. ஸ்பை தொல்லை உள்ள சர்வரில் ஸ்டாக்கே இருக்கட்டும்.

முதுகுச்சுவர்:

மூணாவது கேள்விக்கு வர்றேன். ஸ்பை ஆடுறவன் உங்க கூட்டில் பார்க்கிறது ஒண்ணுதான்: எஞ்சியைக் குத்தின பிறகு, சென்ட்ரி என் பக்கம் திரும்புறதுக்குள்ள சப்பரை ஒட்ட முடியுமா? குத்தின நொடியில் வேஷம் கலைஞ்சிடும், சென்ட்ரி திரும்ப ஆரம்பிக்கும். நீங்க சென்ட்ரிக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தா அது அரை வட்டம் திரும்பணும். ஸ்பைக்கு அந்த நேரம் தாராளம். சென்ட்ரிக்குப் பக்கவாட்டில், உங்க முதுகு சுவரைத் தொடுற மாதிரி நில்லுங்க. முதுகில் குத்த இடம் இருக்காது, அவன் நிக்க வேண்டிய இடம் சென்ட்ரியோட பார்வைக்குள்ள விழும்.

சப்பருக்கு ஹெல்த் 100, ஸ்டாக் ரெஞ்ச் அடி 65, அதனால ரெண்டு அடி. சப்பர் செகண்டுக்கு 25 ஹெல்த் தின்னும், முழு ஹெல்த் லெவல் 3 சென்ட்ரிக்கு எட்டு செகண்டுக்கு மேல இருக்கு. அதனால பதற வேண்டாம். ஸ்பை கண் முன்னாடி நின்னா முதல்ல அவனை அடிங்க, சப்பர் அப்புறம். சப்பரையே எடுத்துக்கிட்டிருந்தா அவன் எடுக்க எடுக்க ஒட்டிக்கிட்டே இருப்பான். ஸ்பை ஓடி மறைஞ்சிட்டா முதல்ல சென்ட்ரி, பிறகு டிஸ்பென்சர், கடைசியில் டெலிபோர்ட்டர். டெலிபோர்ட்டரில் ஒரு முனையில் சப்பர் ஒட்டினா மறு முனையிலும் வரும், எந்த முனையில் எடுத்தாலும் ரெண்டிலும் போயிடும். ஸ்பான் பக்கம் சப்பர்னு சத்தம் வந்தா அவ்வளவு தூரம் ஓடாதீங்க, பக்கத்தில் இருக்கிற வெளி வாயிலைத் தட்டுங்க போதும்.

பைரோ ஹோம்ரெக்கர் சுத்தியல் வச்சிருந்தா ஒரே அடியில் சப்பர் போகும். இன்னொரு எஞ்சி இல்லன்னா, நீங்க செத்த பிறகும் கூட்டைக் காப்பாத்தக்கூடிய ஒரே ஆள் அவன்தான், அவன்கிட்ட மரியாதையா பேசுங்க.

ஆள் சோதனைக்கு: நம்ம ஆள் மேல இடிச்சா ஊடுருவிப் போகலாம், எதிரி மேல இடிச்சா நின்னுடும். டிஸ்பென்சர் கிட்ட நிக்கிறவனை எல்லாம் உடம்பால ஒரு இடி, அல்லது ஒரு ஷாட்கன் குண்டு. உங்க டிஸ்பென்சர் வேஷம் போட்ட ஸ்பைக்கும் ஹெல்த் கொடுக்கும், உங்க டெலிபோர்ட்டரில் அவனும் ஏறி வருவான். அதனாலதான் வெளி வாயிலைச் சென்ட்ரிக்குப் பின்னாடி ஒட்டி வைக்கக் கூடாது. வர்றவன் நேரா உங்க முதுகுக்கு வந்து இறங்குவான். நீங்க திரும்பாமலே பார்க்கக்கூடிய பக்கவாட்டு இடத்தில் வைங்க. வைக்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம்னும் பாருங்க, வர்ற ஆள் அந்தத் திசையைப் பார்த்துத்தான் வருவான். சுவரைப் பார்த்து வச்சா நம்ம ஆளுங்கதான் திட்டுவாங்க.

வெளிநாட்டு சர்வரில் பிங் நூறைத் தாண்டினா ஒரு விஷயம்: ஸ்பை பார்க்கிற நீங்க ஒரு கணம் பழைய நீங்க. நீங்க திரும்பிட்டதா நினைச்ச பிறகும் முதுகுக் குத்து விழும். அங்கே சுழன்று சுழன்று பார்க்கிறது உதவாது. முதுகுக்குச் சுவர் இருக்கிறது மட்டும்தான் வேலை செய்யும்.

பச்சமிளகா:

நன்றி மக்களே, மெட்டல் கணக்கு இப்படின்னு தெரியவே தெரியாது. ஒண்ணு மட்டும் இன்னும் பிடிபடல. முதல் பாயின்ட்டை எப்போ விடணும்? நான் விட்டு ஓடினா டீம் சாட்டில் "எஞ்சி ஓடிட்டான்"னு வருது.

நட்டுபோல்ட்டு:

சாட்டை அணைச்சிடுங்க, முதல் மருந்து அதுதான்.

கார்ட்டை நிறுத்துறது உங்க சென்ட்ரி இல்ல, கார்ட் பக்கத்தில் நிக்கிற ரெட் ஆள். ஒரே ஒருத்தர் நின்னாலும் அது நகராது. யாரும் தொடாம 30 செகண்ட் கிடந்தா பின்னாடி உருள ஆரம்பிக்கும். அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி, "கார்ட்டுக்குப் பக்கத்தில் நம்ம ஆள் இன்னும் நிக்க முடியுமா?" ஸ்கோர்போர்டைத் திறந்து பாருங்க. உங்க ஆளுங்களில் நாலு பேர் செத்து, கார்ட் சென்ட்ரியோட எல்லைக்கு வந்துட்டா, கிளம்ப வேண்டிய நேரம். ப்ளூ ஆளுங்களுக்குக் கார்ட்டே லெவல் 1 டிஸ்பென்சர் மாதிரி ஹெல்த்தும் அம்மோவும் கொடுக்கும், அது நெருங்க நெருங்க அவங்க பலம் கூடிக்கிட்டே போகும்.

கிளம்பும் வரிசை: சென்ட்ரியைக் கையில் தூக்குங்க. டிஸ்பென்சரை அப்படியே விடுங்க, எதிரி அதை உடைக்கிற நேரம் உங்களுக்கு லாபம். அடுத்த பாயின்ட்டுக்கு முன்னாடி, முன்னமே குறிச்சு வச்ச இடத்தில் சென்ட்ரியை இறக்குங்க. பிறகு கிடைக்கிற முதல் மெட்டலில் புது வெளி வாயில், 50-தான். பழைய வாயில் இன்னும் உயிரோடிருந்தா அழிக்கும் கருவியை 5-இல் எடுத்து 4 அமுக்குங்க, இல்லன்னா நம்ம ஆளுங்க எதிரி நடுவுல போய் இறங்குவாங்க. நுழைவு ஏற்கனவே லெவல் 3-ன்னா புது வெளி வாயிலும் கட்டி முடிஞ்சதும் அந்த லெவலுக்கே வரும். ஸ்பான் பக்கம் ஆரம்பத்தில் ஏத்தச் சொன்னது இதுக்காகத்தான். அதுக்கப்புறம் டிஸ்பென்சர், 100.

வழியில் கிடக்கிற அம்மோ பெட்டிகளை மறக்காதீங்க. நடுத்தரப் பெட்டி 100 மெட்டல், பெருசு 200, எடுத்த 10 செகண்டில் அதே இடத்தில் திரும்ப வரும். சென்ட்ரி வைக்கிற இடம் தேடும்போது அது எத்தனை அடி தூரத்தில் இருக்குன்னும் சேர்த்துப் பாருங்க. செத்தவங்க கீழ போட்ட அம்மோ பெட்டியிலும் மெட்டல் இருக்கு.

ராங்லர் ராமசாமி:

அப்வர்ட் கடைசிப் பாயின்ட்டில் மட்டும் இந்த ஓட்டக் கதை எல்லாம் வேண்டாம், அங்க பின்னாடி போக இடமே இல்ல. ரெண்டு எஞ்சி இருந்தா ரெண்டு சென்ட்ரியையும் ஒரே வெடிப்பு எட்டாத அளவுக்குப் பிரிச்சு, ஆனா ஒண்ணை ஒண்ணு பார்க்கிற மாதிரி வைங்க. ஊபர் ஒண்ணை அடிக்கும்போது மத்தது பக்கவாட்டிலிருந்து தள்ளிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் ராங்லர், இன்னொருத்தர் ரெஞ்ச். ஒருத்தர் கட்டடத்தை இன்னொருத்தர் தட்டலாம், ஏத்தலாம், சப்பரும் எடுக்கலாம், கேம் தடுக்காது.

பச்சமிளகா:

ரெஸ்க்யூ ரேஞ்சர் பேக்பேக்கில் கிடந்துச்சு, எடுத்து மாட்டிட்டேன். இன்னைக்கு ராத்திரி பேட்வாட்டர். பைரோ ஒருத்தர் வேணும், ஹோம்ரெக்கர் இருந்தா நல்லது. யாராவது வர்றீங்களா?

முதுகுச்சுவர்:

பத்து மணிக்கு மேலன்னா நான் வர்றேன். எதிர் டீமில் போட்டுட்டா பொறுப்பில்ல.